மூன்றாம் வகுப்புப் பெட்டி

(பத்தாங் காலியில் நடைபெற்ற நமது அறப்பணி வாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோதே, "வாத்தியாரே, இருபது நிமிடம்தான். அன்னதானம் ஆறிப்போய்விடும்" என்று சொல்லிவிட்டார். நான் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்தவன். உளியைப் பிடித்த அளவுக்கு ஒலிவாங்கியைப் பிடித்ததில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல், மேடைக்கு இடப்பக்கம் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ரயில் பெட்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். பேழைக்குள் இரண்டு பெட்டிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன்.

நமது கல்வி நிதிக்காக ஒரு விருந்து நடத்துவது என்றும், அதில் ஏலம் விட ஏதாவது ஒரு கைவேலைப் பொருள் செய்து தர வேண்டும் என்றும் வாரியத்தார் என்னிடம் கேட்டார்கள். எல்லாரும் தேர் செய்யச் சொன்னார்கள். தேர் செய்ய ஆகமம் தெரிந்த ஸ்தபதிகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது என் பெரியப்பா சொல்லிக்கொடுத்த தொழில். அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்குத் தச்சு வேலை செய்தவர். பள்ளி விடுமுறை வந்தால் எங்களைத் தோட்டத்திலிருந்து அவருடைய ரயில்வே குவாட்டர்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். முதன்முதலில் இழைப்புளியை என் கையில் கொடுத்தவர் அவர்தான். அதனால் ரயில் பெட்டி செய்கிறேன் என்றேன். "சரி, அப்படியானால் கவர்னர் போகிற மாதிரி அலங்காரப் பெட்டியாக இருக்கட்டும், நல்ல விலை போகும்" என்றார் ஒருவர். நான் மூன்றாம் வகுப்புப் பெட்டிதான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். நம் சனங்கள் ஏறியது அதில்தானே?

நம்மூர் ரயில் பாதைக்கு வயது அதிகம். மலாயாவின் முதல் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே, எட்டு மைல் தூரம் போட்டார்கள். அந்த வேலைக்கு இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சிலாங்கூரில் கோலாலம்பூரிலிருந்து ரவாங் வரை 1892-லும், மேலே கோல குபு வரை 1894-லும் பாதை வந்து சேர்ந்தது. பத்தாங் காலி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிறகு ரப்பர் வந்தது. ரப்பரோடு நாம் வந்தோம்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு. நமது பாதையின் அகலம் ஒரு மீட்டர். தண்டவாளத்தின் உள்விளிம்புக்கும் உள்விளிம்புக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். தஞ்சாவூர் பக்கத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்த ரயில் பாதையும் அந்தக் காலத்தில் அதே ஒரு மீட்டர்தான். அங்கே இறங்கிக் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, மறுபடியும் அதே அகலப் பாதையில் ஏறித் தோட்டம் வந்து சேர்ந்தார்கள். கடல் மட்டும்தான் நடுவில். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலைப் பற்றி நம் வீடுகளில் ஆயிரம் கதை சொல்வார்கள். அந்தக் கப்பலுக்கு முன்னும் பின்னும் ஏறிய ரயிலைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை.

மாதிரி செய்கிறவனுக்கு இந்த ஒரு மீட்டர் பெரிய வசதி. ஜெர்மனியில் லேமன் என்னும் பொம்மை நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில், வீட்டுத் தோட்டத்தில் ஓடும் பெரிய ரயிலைக் கொண்டுவந்தது. தோட்டம் என்றால் அவர்களுக்குப் பூந்தோட்டம், நமக்கு வேறு! அதன் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். ஒரு மீட்டர்ப் பாதையை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய அந்த 45 மில்லிமீட்டர் வரும். ஆகவே என் பெட்டியின் அளவும் 22.5-இல் ஒரு பங்கு. சக்கரங்களை மட்டும் அந்த வகையில் கடையில் வாங்கினேன். மற்றதெல்லாம் என் வீட்டுக் கொட்டகையில் செய்தவை. பெட்டியின் நீளம் 80 சென்டிமீட்டர், அதாவது நிஜத்தில் 18 மீட்டர். அகலம் 12 சென்டிமீட்டர், நிஜத்தில் 2 மீட்டர் 70. ஒரு மீட்டர்ப் பாதையின் மேல் அவ்வளவு அகலமான பெட்டி இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ஓடுகிறது. பழைய வண்டியில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் ஏன் என்று இப்போது விளங்கும்.

அளவு எங்கே கிடைத்தது என்று பலர் கேட்டார்கள். பெரியப்பா விட்டுப்போன ஒரு நோட்டில் சில அளவுகள் இருந்தன. மீதிக்கு, தமிழ்நாட்டு யாத்திரை போனபோது இரண்டு இடங்களில் அலைந்தேன். பழனி தரிசனம் முடித்துவிட்டு மேட்டுப்பாளையம் போனேன். நீலகிரி மலை ரயில் அதே ஒரு மீட்டர்ப் பாதை. தமிழ்நாட்டின் மற்ற மீட்டர்ப் பாதைகள் ஏறக்குறைய எல்லாம் அகலப் பாதையாக மாறிவிட்டன. இது மட்டும் பழைய அகலத்திலேயே நிற்கிறது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மர உடல் பெட்டியில் உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தின் கனத்தையும் கதவின் கனத்தையும் சாண் வைத்தும் விரல் வைத்தும் அளந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "சாமி, எதைத் தொலைச்சீங்க?" என்று கேட்டார். பிறகு சென்னை பெரம்பூரில், 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அது 2002-இல் திறக்கப்பட்டது. பழைய பெட்டிகளை முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் குனிந்து பார்க்கலாம். எனக்கு வேண்டியது அடிப்பாகம்தான். மேலே இருப்பதை யாரும் படம் எடுத்து வைப்பார்கள், அடியில் இருப்பதை யார் எடுக்கிறார்கள்?

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜப் பெட்டி தேக்கு. ஆனால் மாதிரிக்குத் தேக்கு ஆகாது. மரத்தை நாம் சிறிதாக வெட்டலாம், அதன் ரேகையைச் சிறிதாக்க முடியாது. தேக்கின் ரேகை இவ்வளவு சின்னப் பலகையில் வந்தால், நிஜ அளவில் அது ஒரு சாண் அகலக் கோடு. பார்த்தவுடனே கண் இது பொம்மை என்று சொல்லிவிடும். ஆகவே நம் காட்டு ஜெலுத்தோங் மரத்தை எடுத்தேன். ரேகை தெரியாத, வெண்ணெய் போல் செதுக்க வரும் மரம். அதுவும் ஒரு பால் மரம்தான். அதன் பாலை ஒரு காலத்தில் சூயிங் கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். நம் கைக்குப் பால் மரத்தை விட்டால் கதி இல்லை போலும்.

கூரைக்குப் பழைய வேட்டித் துணியை ஒட்டி மேலே வர்ணம் பூசினேன். பெட்டிக்குப் பெட்டி போகும் வேக்குவம் பிரேக் குழாய்க்குச் சைக்கிள் வால்வு டியூப். கைப்பிடிகள் பித்தளைக் கம்பி. எல்லாவற்றையும் விட என் உயிரை எடுத்தது ஜன்னல். மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வர, சாய்த்து அடித்த சிறு பலகைகள் கொண்ட ஜன்னல் அது. ஒரு பலகையின் கனம் நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் என் அளவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளைக் கீறி எடுத்தேன். 24 ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் 18 பலகை, ஆக 432. கூடவே உடைந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. என் துணைவியார், "இதற்குத் தேரே செய்திருக்கலாம்" என்றார்.

உள்ளே மரப் பெஞ்சுகள். மெத்தை கிடையாது. முதல் வகுப்புக்கு மெத்தை, இரண்டாம் வகுப்புக்கும் ஏதோ கொஞ்சம், மூன்றாம் வகுப்புக்கு வெறும் பலகை. பெஞ்சின் முன் விளிம்பைக் கொஞ்சம் உருண்டையாகத் தேய்த்திருக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த விளிம்பு அது. புதிதாகக் கூர்மையாக விட மனம் வரவில்லை. வர்ண விஷயத்தில் பெரியவர்களுக்குள் ஒரு மகாபாரதமே நடந்தது. ஒருவர் செம்பழுப்பு என்றார், ஒருவர் காப்பி நிறம் என்றார், இருவரும் கோபித்துக்கொண்டார்கள். நான் மர நிறத்திலேயே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

இந்தப் பெட்டியில்தான் நம் பாட்டிமார்கள் பத்துமலைக்குப் போனார்கள். கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குக் கிளைப்பாதை 1905-இல் வந்தது. தைப்பூசத்துக்கு விசேஷ ரயில் விடுவார்கள். தோட்டத்திலிருந்து முதல் நாளே மூட்டையும் பிள்ளையுமாக நடந்து ஸ்டேசனுக்கு வந்து, காவடியை எந்தக் கதவு வழியாக ஏற்றுவது என்று சண்டை போட்டு, பெஞ்சுக்கு அடியிலும் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் போவார்களாம். அதனால் கதவை நிஜ அளவை விட அரை மில்லிமீட்டர் அகலமாக வைத்துவிட்டேன். இது தொழிலில் தப்பு. மனதறிந்து செய்த தப்பு.

பெட்டி முடிந்ததும் விருந்துக்கு முன் இரண்டு வாரம் இந்த மண்டபத்தில் பார்வைக்கு வைத்தோம். பிள்ளைகள் வந்தார்கள், பழைய தோட்டத்துச் சனங்கள் வந்தார்கள். பத்தாங் காலி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1948 டிசம்பரில் 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படை சுட்டுக்கொன்ற இடம் என்றுதான் தெரியும். நமக்கு இது மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று தோட்டம் தோட்டமாகப் பிரிந்து கிடந்தவர்கள் இப்போது தாமான்களில் அக்கம்பக்கமாக இருக்கும் இடம். தொண்ணூறு வயதுப் பெரியம்மா ஒருவரைப் பேத்தி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாரும் சொல்வதுபோல் "நல்லாயிருக்கு" என்று சொல்லவில்லை.

"தம்பி, இது இங்கேர்ந்து போன ரயிலா?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியம்மா, அந்தக் காலத்து ரயில்."

"எங்கண்ணன் போனதுல ஜன்னலே இல்லையே. நீ இத்தனை ஜன்னல் வச்சிருக்கியே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பேத்திதான், "சயாம் ரயிலைச் சொல்றாங்க, வாத்தியார்" என்றாள்.

சபையில் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். இங்கிருந்து தம்பின்–மலாக்கா கிளைப்பாதையையும் கிழக்குக் கரைப் பாதையில் பெரும் பகுதியையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டித் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். ஆசைக்கு வராதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் காய்ச்சலிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். சயாமில் பான் போங் வரை அவர்களைக் கொண்டுபோனது ஜன்னல் இல்லாத சரக்கு வண்டியில். மலாயாவிலும் சயாமிலும் பாதை அதே ஒரு மீட்டர். ஆகவே எங்கேயும் இறக்கி மாற்ற வேண்டியதில்லை. நான் சற்றுமுன் வசதி என்று சொன்னேனே, அதே ஒரு மீட்டர்தான்.

பெரியம்மாவின் அண்ணனை லாரியில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார்களாம். இவருக்கு அப்போது எட்டு வயது. ஓடிப்போய்ப் பார்த்தபோது இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டார்கள். எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று தெரியாமல் ஒவ்வொரு பெட்டியாகக் கையால் தட்டிக்கொண்டே போனாராம். உள்ளேயிருந்து எல்லாப் பெட்டியிலும் தட்டினார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

அன்றிரவு கொட்டகையில் உட்கார்ந்து, 432 பலகை செதுக்கின பெருமையோடு என் பெட்டியைப் பார்த்தேன். மறுநாள் மைலோ டின்களைச் சேகரிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது பெட்டி பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. டின் தகட்டை வெட்டி, ஈயம் பற்றவைத்தால் முடிந்தது. பெஞ்சு இல்லை, ஜன்னல் இல்லை, தேய்ந்த விளிம்பு இல்லை. போர்க்கைதிகள் எழுதிய நினைவுகளிலிருந்து, நிஜத்தில் 18 அடி நீளம், 8 அடி அகலம் என்று வைத்துக்கொண்டேன். என் அளவில் இருபத்து நாலரை சென்டிமீட்டர் நீளம், பதினொன்றுக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு பாடப்புத்தகத்தை விரித்துவைத்தால் மூடிவிடும்.

நம் டியூசன் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஓர் ஆள் ஐந்தடி நாலங்குலம் என்றால் இந்த அளவில் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். தோள் அகலம் இரண்டு சென்டிமீட்டர். அட்டையில் முப்பது ஆள் வெட்டுங்கள், அந்த நினைவுகளில் ஒரு பெட்டிக்கு அந்த அளவில்தான் சொல்லப்பட்டிருக்கிறது, எல்லாரையும் படுக்க வையுங்கள் என்றேன். வெட்டினார்கள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. ஐந்து ஐந்தாக மூன்று வரிசை, பதினைந்து. ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் குறுக்கே ஒன்று. பதினாறு. அதற்கு மேல் ஓர் அட்டையும் போகவில்லை. மேசையில் பதினாலு பேர் மிச்சம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் பிள்ளை, "அப்போ இவங்க எத்தனை நாள் நிக்கணும், சார்?" என்று கேட்டாள். பயணம் நாலு ஐந்து நாள் என்றேன். "மாத்தி மாத்தி நிக்கலாம்" என்றான் ஒரு பையன். பிறகு யாரும் பேசவில்லை. அட்டைகளைப் பொறுக்கி உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். பேழைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்களும் வைத்துப் பார்க்கலாம்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய காரியத்துக்கு வருகிறேன். விருந்துக்கு முன்பே ஒரு நன்கொடையாளர் முதல் பெட்டிக்கு நல்ல விலை சொல்லியிருந்தார். நம் பிள்ளைகள் மூவருக்கு ஓராண்டு கல்லூரிச் செலவுக்குக் காணும் தொகை. இரண்டாவது பெட்டியைச் சேர்த்துக் கொக்கி மாட்டி வைத்ததைப் பார்த்ததும், "வீட்டு வரவேற்பறையில் வைக்கப் போகிறேன், அந்த இரும்புப் பெட்டி வேண்டாம், மரப் பெட்டியை மட்டும் கொடுங்கள்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மங்கலமான வீட்டில் அதை வைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் பிரித்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. வாரியக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். "சாகாமல் இருக்கும் பிள்ளைகளின் படிப்பு முக்கியமா, செத்தவர்களின் பெட்டி முக்கியமா?" என்று ஓர் அறங்காவலர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. செய்தவன் என்ற உரிமையில் மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். வாரியம் என் பேச்சை ஏற்று, இரண்டையும் மண்டபத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. அந்தத் தொகை கல்வி நிதிக்கு வராமல் போனது என்னால்தான். என் ஓய்வூதியத்திலிருந்து மாதம் இருநூறு வெள்ளி கட்டி வருகிறேன். அது அடைபட என் ஆயுள் காண வேண்டும்! ஆகவே வாசலில் இருக்கும் நிதி மேசையை இன்று யாரும் பார்க்காமல் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் கடமை மற்ற எவரையும் விட எனக்கு இருக்கிறது.

இன்னும் இரண்டு வார்த்தை. பேழைக்கு அருகில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறோம். 1943-இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெயரையும் தோட்டத்தையும் எழுதுங்கள். திரும்பி வந்தவர்களையும் எழுதுங்கள். இதுவரை பதினொரு பெயர் வந்திருக்கிறது. முதல் பெயர் பெரியம்மா சொல்ல, பேத்தி எழுதியது. அவர் இன்று வர முடியவில்லை, கால் வீக்கம். சென்ற வாரம் பார்த்தபோது, அந்த இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டார். அது ஓடும் கதவுதான், திறந்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் விளையாட்டாக இழுத்து மூடிவிடுகிறார்கள். பேழையைத் திறப்பவர்கள் போகும்போது பார்த்துத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு தயார்.